பதினோரு கொக்குகளும் ஒரு தலையணை உறையும்

பதினொன்று. 2012 ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை காலை வரை, உலகத்தில் மிஞ்சியிருந்த ‘பீக்கிங்’ மாடல் கிராமபோன்கள் அவ்வளவுதான். இந்த எண்ணைச் சொல்லும் அதிகாரம் இண்டியானா மாநிலத்தில், வாபாஷ் ஊரில், பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்து ஓய்வு பெற்ற வெண்டெல் ஸ்ட்ரௌப் என்ற எழுபத்து நாலு வயதுக்காரரிடம் இருந்தது. யார் கொடுத்த அதிகாரம் என்று யாரும் கேட்டதில்லை.

பீக்கிங் இடுப்பு உயரப் பெட்டி. கறுப்பு அரக்குப் பூச்சின் மேல் சீனப் பாணியில், பொன் தூளில் ஒரு கோபுரம், ஒரு பாலம், பாலத்தடித் தண்ணீரில் ஒரு கொக்கு. மார்வென் என்ற கம்பெனி 1917-ல் செய்தது. 1923-ல் தொழிற்சாலை எரிந்தபோது துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. காகிதம் மிஞ்சாத இடத்தில்தான் நிபுணர் முளைக்கிறார்.

வெண்டெல் ஒரு பெட்டியைச் சோதிப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடும். முதலில் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார். காய்ந்த கிரீஸும் எலிப் புழுக்கையும் கலந்த நெடி வந்தால் முகம் மலரும். புது மெருகெண்ணெய் மணந்தால் சொந்தக்காரரை, துக்க வீட்டில் பார்ப்பதுபோல் பார்ப்பார். அடுத்து டார்ச் அடித்துத் திருகாணிகளின் தலையில் உள்ள வெட்டைப் பார்ப்பார். ஒரே ஒரு தடவை திருப்புளி பட்டிருந்தாலும் அந்த விளிம்பு காட்டிக் கொடுத்துவிடும். கடைசியாகக் கொக்கு. அதற்கு ஒரு கால் இருந்தால் அசல். இரண்டு கால் இருந்தால் பின்னால் எவனோ கைவைத்தது, தள்ளுபடி.

இது கிராமபோன் சேகரிப்போர் சங்கத்தின் பதிவேட்டிலேயே அச்சான விதி. சீனத்துக் கொக்கு ஒற்றைக்காலில்தான் நிற்கும், வரைந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது என்று 1979-ல் சங்க இதழில் வெண்டெல் எழுதிய நாலு பக்கம்தான் ஆதாரம். சீனாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை மட்டுமே.

விதி வந்தபின் கொக்குகளுக்குக் கெட்ட காலம். மருந்துக்கடை வைத்திருந்த பெர்னி க்ளக், வெண்டெலின் நெடுநாள் நண்பர், 1983-ல் வாங்கிய பீக்கிங்கில் இரண்டு கால் இருப்பதைக் கண்டு துவண்டுபோனார். ஊரே வான்கோழி விருந்து சாப்பிடும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை அந்த வருஷம் வந்த நாலு நாளும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு ஒரு காலை எடுத்தார். அழித்தேன் என்று சொல்லமாட்டார். ‘பின்னால் நேர்ந்த பிழையை நீக்கினேன்’ என்பார். பதிவேட்டில் ஆறாம் எண் கிடைத்தது. மற்றவர்களும் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பிழை நீக்கினார்கள்.

பதிவேட்டின் முதல் எண் வெண்டெலுடைய பெட்டி. 1974-ல் ஒரு மாட்டுக் கொட்டகையில் கண்டெடுத்தது. அதன் கொக்கு விஷயத்தில் மனைவி ஆர்லீனுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு.

அந்த ஜூன் சனிக்கிழமை, வாபாஷ் சந்தைத் திடல் கொட்டகையில் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. டோரீன் ப்ரூயிட் என்ற அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, பிக்கப் வண்டியில் மெத்தை விரித்துப் பன்னிரண்டாவது பீக்கிங்கைக் கொண்டுவந்து இறக்கினார்.

“நீங்கதான் பொட்டிய மோந்து பாக்கறவரா?”

“ஆமாம்மா. வெண்டெல்.”

“நல்லா மோந்து பாருங்க. தூசி தட்டினதோட சரி, வேற ஒண்ணும் செய்யல. எங்க பெரியம்மா ஹாட்டி மார்வென்ல வேல பாத்துச்சு. கல்யாணத்துக்குக் கம்பெனியில குடுத்தது. அப்பலேர்ந்து எங்க கூடத்த விட்டு நகரல. இப்ப நான் சின்ன வீட்டுக்குப் போறேன், எடம் இல்ல. ஊர் மியூசியத்துல கேட்டேன். உங்க ஏட்டுல பேர் இருந்தா எடுத்துக்கறேங்கறாங்க. இல்லேன்னா என் அண்ணன் மவன் காத்துக்கிட்டிருக்கான்.”

“அவர் என்ன பண்ணுவார்?”

“உள்ள இருக்கிற இரும்பையெல்லாம் புடுங்கிட்டு விஸ்கி பாட்டில் அடுக்குவானாம். லைட்டு வேற போடுவானாம்.”

சுற்றி நின்ற நாற்பது பேரும் ஒரே மூச்சாக மூச்சை இழுத்தார்கள்.

வெண்டெல் மூக்கை விட்டார். கிரீஸ், எலி, கம்பளித் தூசு. இவ்வளவு சுத்தமான அழுக்கு அவர் வாழ்நாளில் வாய்த்ததில்லை. டார்ச் அடித்தார். தொண்ணூற்றைந்து வருஷத்தில் ஒரு திருகாணியும் திருப்புளியைப் பார்த்திருக்கவில்லை. பிறகு டார்ச் வெளிச்சம் பாலத்தடிக்குப் போய் அங்கேயே நின்றது.

பெர்னி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “ரெண்டு காலு. அடடா. நல்ல பொட்டிம்மா. கவலப்படாதீங்க, பஞ்சும் ஸ்பிரிட்டும் வண்டியிலயே இருக்கு. நாலு நாள் குடுங்க, எடுத்துடறேன்.”

“எத எடுப்பீங்க?” என்றார் டோரீன்.

“காலத்தான். அது பின்னாடி எவனோ போட்டது.”

“எவனும் போடல. எங்க பெரியம்மா போட்டது. ஒரு நாளைக்கு ஆறு கொக்கு போடும். ஒரு தடவ அவசரத்துல ஒரு கால விட்டுட்டுச்சு, மேஸ்திரி திருப்பி அனுப்பிட்டானாம். கிழவி சாவற வரைக்கும் அவனத் திட்டிட்டே இருந்துச்சு.”

“வீட்டுக் கதையெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. இங்க அச்சுல இருக்கு.” பெர்னி பதிவேட்டைத் தட்டிக் காட்டினார். “நீயே சொல்லு வெண்டெல்.”

வெண்டெல் டார்ச்சை அணைத்தார். காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று நகர்ந்தார்.

கொட்டகை மூலையில் ஆர்லீன் சங்கத்துக்காகக் ‘க்ரீம் பை’ என்ற இனிப்புப் பண்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

“ரெண்டு காலு, ஆர்லீன். திருகாணியத் தொட்டவனே இல்ல.”

ஆர்லீன் கத்தியைத் துடைத்து வைத்தார். “அந்தத் தலையணை உறை எங்கம்மா கையால தச்சுக் குடுத்தது. அதுல தங்கக் காலோட சமையக்கட்டுல வந்து நின்னே பாரு, அதோட முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. நானும் வாயத் தொறக்கல. கறையும் போகல.”

“இப்பப் போயி சொன்னா எவன் என்ன மதிப்பான்?”

“சொல்லாட்டி அந்தப் பொட்டிக்குள்ள விஸ்கி பாட்டில் நிக்கும். லைட்டோட. பை வேணுமா? வேணாட்டி நகரு, பின்னாடி வரிசை நிக்குது.”

வெண்டெல் திரும்பி வந்தபோது கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. பதிவேட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினார்.

“எழுபத்து நாலுல என் கொக்குக்கும் ரெண்டு காலு இருந்துச்சு,” என்றார். “அழுக்கு போகட்டும்னு ஆர்லீனோட தலையணை உறையில அம்மோனியா தொட்டுத் துடைச்சேன். ஒரு காலு துணியோட வந்துடுச்சு. அந்த வருஷக் கண்காட்சிப் போட்டியில நடுவர் இன்னொரு காலு எங்கன்னு கேட்டார். சீனத்துக் கொக்கு அப்படித்தான் நிக்கும்னேன். அவர் தலையாட்டிட்டார். அப்புறம் எல்லாரும் கேக்க ஆரம்பிச்சீங்க. எழுதிட்டேன்.”

கொட்டகையில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஒரு இசைத்தட்டு முடிந்து, முள் வெறும் பள்ளத்தில் கரகரவென்று உரசியது.

“அப்போ எம்பத்து மூணுல நான் எடுத்தது?” என்றார் பெர்னி.

“கால்தான் பெர்னி.”

“அசல் காலு.”

“ஆமா.”

“நாலு நாள்டா. வான்கோழிகூடத் திங்கல நான். வீடு பூரா ஸ்பிரிட் நாத்தம்னு பொண்டாட்டி அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. பாவி.”

டோரீன் மட்டும் குறுக்கே வந்தார். “சரி, உங்க சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க. எங்க பெரியம்மா பேர எழுதறீங்களா இல்லியா?”

வெண்டெல் எழுதினார். தன் பெட்டியின் எண்ணை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஹாட்டியின் பெட்டியை முதலாவதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவேட்டைப் பெர்னியின் கையில் கொடுத்தார். அவராகக் கொடுக்காவிட்டாலும் பிடுங்கியிருப்பார்கள்.

கூட்டத்தின் கோபம் ஏறத்தாழ பத்து நிமிஷம் நீடித்தது. அதற்குள் மூன்று பேர் டோரீனின் பெட்டி முன்னால் மண்டியிட்டு, கொக்கின் இரண்டாவது காலைப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் முழங்காலின் கோணத்தை அளந்தார். இன்னொருவர், பெரியம்மாவின் தூரிகை வீட்டில் எங்காவது கிடக்குமா என்று டோரீனிடம் மிகப் பணிவாக விசாரித்தார். வெண்டெலோடு பேசுவதில்லை என்று சபதம் செய்தவர்களில் இரண்டு பேர் திங்கட்கிழமையே அவருக்கு ஃபோன் போட்டு, பொன் தூளைப் பழசாகக் காட்ட என்ன கலக்கலாம் என்று கேட்டார்கள்.

ஆகஸ்டில் ஹாட்டியின் பெட்டி ஊர் மியூசியத்துக்குப் போனது. அடுத்த ஜூன் கண்காட்சிக்கு மற்ற பதினோரு பீக்கிங்குகளும் வந்தன. பத்தில் கொக்கு இரண்டு காலில் நின்றது. புதுப் பதிவாளர் பெர்னி, தன்னுடையது உட்பட அந்தப் பத்துக்கும் நேரே ‘அசல்’ என்று எழுதினார். வெண்டெலின் பெட்டிக்கு நேரே ‘ஒரு கால் இல்லை’ என்று எழுதி, போட்டியிலிருந்து நீக்கினார்.