சுடாத குண்டம்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் என் காலைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்கம்மா, ஒத்தச் செருப்போட கெளம்பிட்டீங்களா?" குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. ஊரிலிருந்து ஒன்றரை மைல் நடந்து வந்திருந்தேன். எங்கே கழன்றது என்பது இருக்கட்டும், கழன்றதே தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். நான் கவனித்திருக்க வேண்டிய அறிகுறி அது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பத்தாறு வயது. கால் நோவு எனக்குப் புதிதல்ல. சிறுமியாக இருந்தபோது நடவு தொடங்கினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் (ஈரத்தில் ஊறிய தோலில் வரும் பூஞ்சைப் புண்) வந்துவிடும். மருதாணி அரைத்து அப்பிக்கொண்டு மறுநாள் மறுபடி சேற்றில் இறங்குவோம். மகள் வயிற்றிலிருந்தபோது பாதம் வீங்கி, மெட்டியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. முப்பத்தைந்தில் குதிகால் வெடிப்பும் உள்ளங்கால் ஆணியும் சேர்ந்து வந்தன.

நாற்பதைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக அடங்கிவந்தது. வெடிப்பு வலிக்கவில்லை, ஆணி உறுத்தவில்லை, கடைசியில் முள் தைத்தால்கூடத் தெரியவில்லை. உழைத்து உழைத்துக் கால் உரமேறிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, அவள் பிழைத்தால் மூன்று வருஷம் குண்டம் இறங்குவதாக எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தேன். கோயில் முன்னால் நீளமாகக் குழி வெட்டி, விறகை எரித்துக் கனலாக்கி, விரதம் இருந்தவர்கள் வெறுங்காலோடு நடந்து கடப்பதுதான் குண்டம். முதல் வருஷம் நன்றாகச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டாம் வருஷம் சுடவே இல்லை. ஈர மணலில் போவதுபோல் நிதானமாக நடந்தேன். கரை ஏறியதும் பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "ஆத்தா உங்க காலைக் கையில ஏந்திக்கிட்டாளுங்க" என்றார் பூசாரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் நடந்த இடமெல்லாம் ஈரத்தடம்.

"புள்ள, தண்ணிய மிதிச்சயா?"

"இல்லீங்களே."

காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். உள்ளங்காலில் கொப்புளங்கள் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அம்மன் ஏந்திய காலுக்கு டாக்டர் எதற்கு என்று நான் சண்டை போட்டேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவிப் பத்து நாளை வீணாக்கினேன். அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. இடது சுண்டுவிரல் கறுத்து, நாற்றம் வந்த பிறகுதான் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறமாயிற்று. நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை மிகும் நோய்) என்றார் டாக்டர். மலையாளி, தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவார். பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

"ஞான் தொடும்போ சொல்லணும், அம்மா."

காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. "எப்பங்க தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு தடவ தொட்டு. ஊசி வெச்சும் குத்தி நோக்கி."

ஆறு தடவை தொட்டு, ஊசியாலும் குத்திப் பார்த்துவிட்டாராம். கண்ணைத் திறந்தால் பாதத்தில் ரத்தப் பொட்டுகள். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நரம்புச் சிதைவு (நெடுநாள் சர்க்கரையால் கால் நரம்புகள் உணர்விழப்பது) என்று டாக்டர் விளக்கினார். நான் குண்டம் இறங்கியதைச் சொன்னபோது சாமியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. "சூடு தோணாதது ரோகம் கொண்டு. தீ தீயாத்தான் இருந்நு" என்றார். சூடு தெரியாமல் போனது நோயால்தானாம். விரலில் பிடித்த அழுகல் (ரத்த ஓட்டமின்றிச் சதை சாவது) மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டிவருமாம். எங்கள் வயல் வரப்பு ஒரு முழ அகலம்தான். ஒற்றைக் காலோடு அதில் எப்படி நடப்பது?

"காலு நிக்குமா, அதைச் சொல்லுங்க."

"விரல் எனக்குத் தரணும். பாக்கி நோக்காம்."

விரலைக் கொடுத்தால் மிச்சக் காலைக் காப்பாற்றப் பார்ப்பாராம். விரலை எடுத்தார்கள். வலியே இல்லை. வலிக்கவில்லையே என்று நான் அழுததைப் பக்கத்துக் கட்டில்காரிக்குப் புரியவைக்க முடியவில்லை.

புண் ஆற ஏழு வாரம் பிடித்தது. கால் நின்றது. வீட்டுக்காரர் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) போடக் கற்றுக்கொண்டார். "எருமைக்குப் போடற மாதிரி குத்தாதீங்க" என்பேன். "எருமை இத்தன பேசாது" என்பார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கண்ணாடி வைத்துத் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். வெந்நீரைக் காலால் அல்ல, முழங்கையால் தொட்டுப் பாருங்கள். ஆணியை நீங்களே அறுக்காதீர்கள். அதில் எருக்கம்பால் வைக்கவும் வேண்டாம். பெரிய காரியமில்லை, பழகிவிடும். முன்பெல்லாம் என் நாள் வாய்க்காலில் தண்ணீர் வரும் நேரத்தில் தொடங்கும். இப்போது ஊசியில் தொடங்கிக் கண்ணாடியில் முடிகிறது. கால் என்னுடையதுதான், ஆனால் அதன் சேதியை என் கண்தான் எனக்குச் சொல்கிறது.

அடுத்த குண்டம் வந்தபோது என் வேண்டுதலில் ஒரு வருஷம் மிச்சமிருந்தது. பூசாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து என் காலைப் பார்த்தார். "உங்க ஊட்டுலிருந்து ஒருத்தர் எறங்குனாப் போதுமுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் டீயையே நாலு தரம் ஆற்றிக் குடிக்கிற மனிதர். "நான் எறங்கறேன்" என்றார்.

கேன்வாஸ் ஷூவோடு கோயில் எல்லைக்கு வெளியே நின்றேன். அவர் ஓட்டமாக ஓடிக் கடந்து, ஒற்றைக் காலும் இரட்டைக் காலுமாகக் குதித்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"சுட்டுதுங்களா?"

"சுடாம? நெருப்பு புள்ள அது."

அவர் கால் இரண்டையும் மடியில் எடுத்துப் பார்த்தேன். சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. சுண்டுவிரலை லேசாக அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

"நல்ல காலுங்க" என்றேன். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.