இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஒரு கமிட்டி

படிப்பை நிறுத்திய மறுமாதம், இந்த எண்பத்து மூன்று மார்ச்சில், ஜவ்வாது மலையைக் குறுக்கே கடந்து அடுத்த மாவட்டத்தில் இறங்கிப் பார்க்கக் கிளம்பினேன். வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அதனால்தான் போனேன்.

ஜமுனாமரத்தூரில் காலை ஆறரைக்கு முதல் பஸ். ஒரு மணி நேரத்தில் ஓடைக்கரையில் நிறுத்தி, "எறங்குங்க, நம்ம ஜில்லா முடிஞ்சிபோச்சி" என்றார் கண்டக்டர். அடுத்த ஜில்லா பஸ் ஓடைக்கு அப்பால் மூன்று மைல் தள்ளி நிற்கும். நடுவில் ரோடு கிடையாது.

என்னோடு இறங்கியவர் குப்பாயி அக்கா. சாமை போடுகிறவர். இரண்டு மாவட்டத்தையும் இணைத்து ரோடு போட ஓர் ஆலோசனைக் கமிட்டி இருக்கிறதாம். அதில் மலைக்கென்று ஒரே இடம், அது அக்காவுடையது. கூட்டம் மட்டும் அந்தப் பக்கத்து டவுனில், பத்து மணிக்கு! இரண்டு தடவை அக்கா தாமதமாகப் போனதால், 'வரவில்லை' என்று எழுதிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் அப்படி எழுதினால் இடம் போய்விடும். ரோடு மலை ஏறாமல் அடிவாரத்தோடு சுற்றிப் போய்விடும்.

"இன்னா தம்பி, பேன்ட்டுக்குள்ள காலு இருக்குதா, வெறும் காத்தா? எட்டிப் போடு."

ஓடினோம். மூன்று மைல் தாண்டிப் போனபோது அடுத்த ஜில்லா பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. குறுக்கே போய் நின்றேன்.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?" டிரைவர் கத்தினார்.

"சாவலண்ணே, ஏறத்தான்" என்று அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. கமிட்டி டீ குடித்துக்கொண்டிருந்தது.

"கூட்டம் முடிஞ்சிட்டுதும்மா. நீங்க ஆப்சென்ட்" என்றார் தலைவர்.

அக்கா காலி நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ இங்க குந்திகினு இருக்கறது யாருங்க?"

"டயத்துக்கு வரணும்மா."

"வர்றேங்க. அடுத்த கூட்டத்த ஓடைகிட்ட வையுங்க. சாமைக் கஞ்சி நான் காச்சறேன்."

"அங்க ஜீப் வராதேம்மா!"

"அதத்தாங்க மூணு தடவையா சொல்ல வர்றேன்."

இன்ஜினியர் ஒருத்தர் மட்டும் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. அக்கா எழுந்திருக்கவும் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியது. கடைசியில் 'வரவில்லை' என்பதை அடித்துவிட்டு, அடுத்த மாதக் கூட்டம் ஓடைக்கரையில் என்று எழுதினார்கள்.

ரோடு வருமா, தெரியாது. இந்த வழியாகப் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நடை என்று கண்டக்டர் சொன்னால் நம்பாதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்த மாதம் போனால், கமிட்டிக்காரர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டுவதைப் பார்க்கலாம். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். சொல்லிவிடாதீர்கள். நடந்து தெரிந்துகொள்ளட்டும்.