உலைக்குள் விழுந்த கோள்கள்

கப்பலூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உலையைப் பார்த்துக்கொள்பவர் அவர். பம்புக்கு ஒரு பாகம் வார்க்கக் கொடுக்கப் போயிருந்தேன். சூட்டில் பொசுங்கிப் பொசுங்கிப் புருவமே இல்லாத முகம். கழுத்தில் தொங்கிய நீலக் கண்ணாடியை அடிக்கடி கண்ணில் வைத்துத் தீயைப் பார்ப்பார்.

திடீரென்று, "எவன்டா பழைய இரும்போட பித்தளையப் போட்டது?" என்று கத்தினார். உலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தீயில் பச்சை ஓடியதாம்; பித்தளை விழுந்தால் அப்படித்தான் ஓடுமாம்.

காலையில் படித்ததை அவரிடம் கொட்டிவிட்டேன். மற்ற நட்சத்திரங்கள் பலவற்றுக்கு வெகு அருகிலேயே கோள்கள் சுற்றுகின்றன. நம் சூரியனுக்கு அருகில் புதன் மட்டும்தான். முன்பு வேறு கோள்களும் இருந்து, அவை ஒன்றோடொன்று மோதி நொறுங்கியோ, சூரியனுக்குள் விழுந்தோ போயிருக்கலாமாம். சாட்சிதான் இல்லை.

"உள்ள விழுந்துருந்தா தீ காட்டிக் குடுத்துருமேண்ணே! வெளிச்சத்தப் பாத்தாங்களா?" என்றவர் கண்ணாடியோடு வாசலுக்கு ஓடினார்.

"அய்யய்யோ, சூரியனப் பாக்காதீங்க, கண்ணு போயிரும்!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். கோளை விழுங்கிய நட்சத்திரத்தை வானியலாளர்கள் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, விழுந்த கோளின் தடயத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்! மறுநாளே பஸ் பிடித்து ஓடினேன்.

"நீங்க சொன்ன மாதிரியேதாண்ணே பாக்குறாங்க!"

அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை. "பின்ன, எட்டிப் பாக்கவா முடியும்? நம்ம சூரியன்ல எதுவும் விழுந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்கண்ணே."

பம்பின் பாகத்தை எடுத்துவர வேறு ஆளைத்தான் அனுப்பினேன். பதில் இல்லாமல் அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.