முதுகு காட்டி நின்ற வகுப்பு

தீவு நகரான ஜார்ஜ்டவுனின் கடலோர ஓட்டலில் கணினிவழிக் கல்வி மாநாடு. அதில் பயிற்சியாளர்களுக்கு மேடைப்பேச்சு வகுப்பு எடுத்த நான், "கேக்கிறவங்களுக்கு முதுகு காட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே வெளியே மழை கடலை மறைத்துவிட்டது. என் மகள் முதன்முறையாகத் தனியே அக்கரையிலிருந்து ஃபெரிப் படகில் வந்துகொண்டிருந்தாள். என்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

"என்னக்கா?" என்றார் முன்வரிசையில் இருந்த அக்கரைப் பிறை ஊரின் தொழிற்சாலைப் பயிற்சியாளர்.

"மக ஃபெரியில வர்றா தம்பி. பயமா இருக்கு."

"அப்ப பாடம் நிக்கட்டும் லா. சேர்ந்து பார்ப்போம்."

வகுப்பே எழுந்து வந்து என்னருகே நின்றது. வெண்மழைக்குள் ஃபெரியின் மங்கலான விளக்கு, கனவில் வருவதுபோல மெல்ல மிதந்து கரைக்கு வந்தது.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "என்னம்மா, எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

மழை பெய்தால் இன்றும் நான் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். முதுகு காட்டக்கூடாது என்ற அந்த ஒரு விதியை மட்டும் அதன்பின் நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை.