மூன்று கருத்தையா

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை ஒன்றின் மாடியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவள் முத்துச்செல்வி. நாளெல்லாம் பாகு வாசனை ஏறி ஏறி, இனிப்பு என்றாலே அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் எழுதிக் கொடுத்து நல்ல பேர்தான் எடுத்திருந்தாள், கருத்தையா விஷயம் வரும்வரை.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேல்சாமி அண்ணாச்சி, சுற்றுவட்டாரக் குடும்பங்களின் உறவுமுறைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். யாருக்கு யார் தாய்மாமன், யார் பெரியப்பா என்று அதுவே பார்த்து உறைமேல் அச்சடிக்கும். பழைய புரோகிராம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. புதிதாக வாங்கியது ஜாவா என்ற வேறு மொழியில். பைத்தான் அடைத்து வைத்த கோப்பு ஜாவாவுக்குப் புரியாது. அந்தக் கோப்புக்குப் பிக்கிள் என்று பெயர் என்றாள், அதை மாற்றிக் கொடுக்க வந்த முத்துச்செல்வி.

"ஊறுகாயா? அப்ப கெட்டுப்போகாதுல்லா?"

"கெடாது அண்ணாச்சி. தொறக்கத்தான் கஷ்டம்."

திறந்தும்விட்டாள். ஒரு இடத்தில்தான் சறுக்கல். பிக்கிளில் ஒரு ஆளை முதல் தடவை முழுசாக எழுதியிருக்கும். அதே ஆள் திரும்ப வந்தால், முன்னால் வந்தவரேதான் என்று ஒரு குறி மட்டும் இருக்கும். அவள் ஜாவாவில் எழுதிக் கொடுத்தது அந்தக் குறியைக் கண்ட இடத்திலெல்லாம் புதிதாக ஒரு ஆளை உண்டாக்கியது.

கடம்பூர்ப் பக்கம் காட்டில் வெள்ளாமை செய்யும் சம்சாரி கருத்தையா. அவருடைய தங்கை மகனுக்குத் தம்பி மகளைக் கட்டினார்கள். ஆக, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பெண்ணுக்குப் பெரியப்பா, போதாததற்கு விவசாயிகள் சங்கத் தலைவர். அவருக்கு மூன்று பத்திரிகை போனது. மண்டபத்து நாற்காலிகளுக்கும் அண்ணாச்சியே பெயர்ச்சீட்டு அடித்திருந்ததால், முன்வரிசையில் தாய்மாமன், பெரியப்பா, தலைவர் என்று மூன்று நாற்காலி கருத்தையாவுக்கு.

தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்து அவர் மாலை வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து, துண்டை மாற்றிப் போட்டு, பெரியப்பா நாற்காலிக்குப் போனார். "என்னய வாங்கன்னு கேக்க ஒரு நாதியில்லையா?" என்று சத்தம் போட்டார். பெண் வீட்டார் சந்தனத்தோடு ஓடிவந்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்காரப் போன ஒருவரையும் அவரே தடுத்தார்.

"அவிய வந்துக்கிட்டு இருக்காவ."

விருந்துக்கு வந்திருந்த முத்துச்செல்வி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே குறியைச் சரியாக வாசிக்க வைத்தாள். மூன்று பேரும் ஒரே ஆளானார்கள்.

அடுத்த கல்யாணத்துக்கு ஒரே பத்திரிகை வந்ததும், கருத்தையா அவள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"ஏட்டி, என்னய கொறச்சிட்டியாமே?"

"மாமா, நீங்க ஒரு ஆளுதான..."

"யாரு சொன்னா? சண்டைன்னு வந்தா தாய்மாமனும் பெரியப்பனும் ஒரே பக்கமா நிப்பாவளா?"

அன்றைக்கே வேல்சாமி அண்ணாச்சியும் போனில் கெஞ்சினார்: "மத்தவியளும் கேக்காவ தாயி. கோபாலசாமி தன்னைய நாலு ஆளா போடணுங்காரு."

பழைய பிழையைத் தேடியெடுத்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். அண்ணாச்சிக்குப் பத்திரிகை ஆர்டர் குவிந்தது.

இந்த மாசி மாதம் முத்துச்செல்விக்கே கல்யாணம். வெற்றிலை பாக்கோடு போய்க் கருத்தையாவை அழைத்தாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தலைவரு கண்டிப்பா வருவாரு தாயி. மத்த ரெண்டு பேருக்கும் காட்டுல வேல கெடக்கு."