நாற்பத்தொரு நாள் தாடி

ஜெபசிங்குக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. வயது அறுபத்தெட்டு, காலுக்கு மட்டும் அந்த விஷயத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜில் முப்பது வருஷம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றபடியே வேலை பார்த்தார். சாயங்காலம் ஆனால் நாடகம். ஏரோது ராஜா, ஜமீன்தார், குடிகாரத் தகப்பன் என்று மேடையில் அவர் போடாத வேஷமில்லை. மலையாள சினிமாவிலும் நூற்றுப் பன்னிரண்டு படம் ஆயிற்று. அத்தனையிலும் பேசிய வசனத்தைச் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். தபால்காரர், வாட்ச்மேன், இரண்டு தடவை பிணம். பிணமாகக் கிடந்தபோதும் கால் ஆடியதென்று திட்டு வாங்கினார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நூற்றுப் பதிமூன்றாவது படத்தில் மூன்று வரி கிடைத்தது. அதுவும் முகத்துக்கு நேரே கேமரா! பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கிழட்டுத் தொழிலாளியை குடியிருக்கும் லயத்து வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார் மானேஜர். கிழவன் அந்த மூன்று வரியைப் பேசிவிட்டு நடக்க வேண்டும். மானேஜர் திட்டும் பாதியை எடுத்து முடித்தார்கள். ஜெபசிங் வாயைத் திறக்கப் போன நேரம் பார்த்து மூடுபனி வந்து மலையையே மூடிவிட்டது.

"பாக்கி பின்னே எடுக்காம் அங்கிளே. தாடி இதுபோலத்தன்னே இருக்கணும், கேட்டோ," என்றாள் உதவி இயக்குநர் ஜினி. பாதிக் காட்சியில் தாடி மாறினால் எடுத்ததெல்லாம் வீண். சரி என்று மலையிறங்கினார்.

பிறகு போனே வரவில்லை. தாடி வளராமல் இருக்குமா? தினமும் ஸ்கேலை வைத்து அளந்து கத்தரித்தார். அரிப்பு தாங்காமல் வீட்டுக்கும் முக்குக் கடைக்குமாக நடந்தார். சர்ச் வாசலில் ஒருவன், "என்ன அண்ணாச்சி, சபரிமலைக்கு மாலையா?" என்றே கேட்டுவிட்டான். மனைவி எலிசாளின் தங்கை மகள் கல்யாணத்தில் போட்டோக்காரன் இவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளினான்.

"மனுசருக்குத் தலை சுத்துது. சும்மா ஒரு எடத்துல இரியுங்களேன்!" என்பாள் எலிசாள்.

"வெளியில மூணு வரி நிக்கி எலிசா. எப்பிடி இரிக்கியது?"

நாற்பத்தொன்றாம் நாள் ஜினி கூப்பிட்டாள். ஜெபசிங் முதல் பஸ்ஸைப் பிடித்தார். கல்லாறு தாண்டி ஒவ்வொரு வளைவிலும் உதடு அசைந்துகொண்டே போனது.

மேலே ஜினி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "சீன் கொஞ்சம் மாறிப்போச்சு அங்கிளே. டயலாக் இல்லா. நீங்க நடந்து போற பேக் ஷாட் மாத்ரம் மதி. முகம் வேண்டா. இது கழிஞ்சா தாடி எடுத்தோளூ."

தாடியை எடுத்துக்கொள்ளலாமாம்! நாற்பத்தொரு நாள் அரிப்பு இந்த முதுகுக்கா? ஆனாலும் கிழவனின் சட்டையைப் போட்டுக்கொண்டார். வந்த வேலையைச் செய்யாமல் திரும்பி அவருக்குப் பழக்கமில்லை.

அதிலும் ஒரு வம்பு. நாடக மேடையில் முதல் சட்டமே சபைக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பதுதான். நாற்பத்துமூன்று வருஷமாக மேடையை விட்டுப் போகும்போதுகூடப் பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் போவார். இப்போதும் நாலு எட்டு வைத்ததும் உடம்பு தானாகத் திரும்பிவிட்டது.

"கட்! சேட்டா, திரியண்டா. நேரே நடந்தா மதி," என்றான் இயக்குநர் விஜின்.

இரண்டாம் தடவையும் அதே கூத்து. மறுபடி பனி இறங்குவதைப் பார்த்து விஜின் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். "மஞ்சு வருது. இனியும் திரிஞ்சா வேற ஆளுக்கு அந்த சட்டையைப் போட்டு எடுப்பேன். முதுகு ஆருடேதாயாலும் மதி."

யாருடைய முதுகானாலும் போதுமாம். ஜெபசிங் மறுபடி புறப்பட்ட இடத்தில் போய் நின்றார்.

மூன்றாவது தடவை நடந்தார். நாலு, ஐந்து, ஆறு எட்டு. உடம்பு அடங்கி இருந்தது. இந்தத் தடவை அவராகத்தான் நின்றார். திரும்பினார். கேமராவை நேராகப் பார்த்தார்.

"நாப்பது வருசமா இந்த மலையில கெடக்கேன். ஒரு நாளாவது என் மூஞ்சிய நேரா பாத்திருக்கியளா? இப்பப் பாத்துக்கிடுங்க, இனி பாக்க முடியாது."

'கட்' வரும் என்று நின்றார். வரவில்லை. பனி வந்து முட்டு வரை ஏறிய பிறகுதான் விஜின் மெல்ல, "கட்," என்றான். எடுத்ததை மானிட்டரில் ஒரு தடவை பார்த்தான். மறுபடி பார்த்தான். ஜெபசிங் பக்கம் திரும்பாமலேயே, "ஜினி, மானேஜர் வேஷக்காரன்ட டேட் சோதிக்கு. சீன் பழயபோலத்தன்னே," என்றான்.

"மோளே, இன்னொரு தடவை எடுக்கணும். கடைசி வரியில மூச்சு தட்டிச்சு," என்றார் ஜெபசிங்.

"எடுக்காம் அங்கிளே. இன்னு மஞ்சு மூடிப்போச்சு. பின்னே போன் விளிக்காம்." ஜினி சிரித்தாள். "தாடி எடுக்கல்லே, இதுபோலத்தன்னே இருக்கணும், கேட்டோ!"

இறங்குகிற பஸ்ஸில் பாதி சீட் காலி. ஜெபசிங் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். கல்லாற்றில் சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்கு அடித்தார்.

"முடிஞ்சுதா? புது பிளேடு வாங்கி வச்சிருக்கேன், வாருங்க," என்றாள் எலிசாள்.

"பிளேடு கெடக்கட்டும். அந்த ஸ்கேல எங்க வச்ச?"