ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு டிஸ்க்

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கல. மகளும் மருமகனும் கண்டி டவுன்ல கல்யாண வீடியோ கடை வச்சிருக்காங்க. நானும் அவங்களோடதான். சண்டை வந்தா ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. ஒரே ரூம்ல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து, "அம்மா, அவர சாப்பிட வரச் சொல்லுங்க"ம்பா அவ. "அத்த, பசிக்கலன்னு சொல்லுங்க"ம்பாரு இவரு. நடுவுல டெலிபோன் நான்!

கடையில ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆனா படமெல்லாம் அதுக்குள்ள இல்ல. மேல் மாடியில ஒரு பெட்டி, அதுக்குள்ள டிஸ்க்கு, வயர் வழியா கீழ வருது. கம்ப்யூட்டரு அதைத் தன் வயித்துக்குள்ள இருக்கிற சொந்த டிஸ்க்குன்னே நெனச்சுக்குமாம். அதனால ஒரு நேரத்துல ஒரு கம்ப்யூட்டர்தான் அந்த டிஸ்க்கப் புடிக்கணும். இது விட்டாத்தான் அது புடிக்கலாம். மகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கா.

அன்னைக்கும் ரெண்டு பேருக்கும் சண்டை. நான் கலஹாவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். பஸ்ல ஒருத்தி என் மடியில பலாக்காய வச்சுட்டா, அது வேற கதை. திரும்பி வந்தா, கடையில தெல்தெனிய கல்யாணப் பொண்ணு அழுதுகிட்டு நிக்குது. மறுநாள் பிளேன் ஏறப் போற புள்ள. வீடியோவுல தாலி கட்டுற எடத்தையே காணோமாம்!

மகள் புடிச்சிருந்த டிஸ்க்க, மருமகனும் தன் கம்ப்யூட்டர்ல புடிச்சிருக்காரு. இது எழுதின எடத்துலயே அதுவும் எழுதி, எது எங்க கெடக்குதுன்னே தெரியல.

"ஏன் தம்பி, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"நீங்கதான் இல்லையே அத்த."

பாத்தீங்களா பேச்ச! முதுகுக்குப் பின்னால இருக்கிற பொண்டாட்டிகிட்ட கேக்குறதுக்கு, கலஹாவுல இருந்து நான் வரணுமா?

மகள் ரெண்டு கம்ப்யூட்டரையும் டிஸ்க்க விட வச்சா. இவரு அவசரமா சரிபண்ற புரோகிராம ஓட்டப் போனாரு.

"கைய எடுங்க! மொதல்ல டிஸ்க்க அப்படியே நகல் எடுக்கணும். சரிபண்றதெல்லாம் நகல்லதான்!"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

என்னைக் கூப்பிடாம நேராவே கத்துறாங்க! கோவத்துலயும் எனக்கு வயிறு குளுந்துபோச்சு.

சாயந்தரம் தாலி கட்டுற படம் கெடச்சிருச்சு. மருமகன் டிரோனப் பறக்கவிட்டு எடுத்தது மட்டும் போச்சு. பொண்ணு அதைக் கேக்கவேயில்ல, என் கையப் புடிச்சு சிரிச்சுட்டுப் போச்சு.

இப்ப ஒண்ணு புடிச்சிருந்தா மத்ததுக்குப் பூட்டு விழுற மாதிரி மகள் செஞ்சுட்டா. போன கிழமை திரும்பவும் சண்டை.

"அத்த, டிஸ்க்க விடச் சொல்லுங்க."

"வாய் இருக்குல்ல? நீங்களே கேளுங்க"ன்னுட்டு அடுப்படிக்கு பிளேன்டி ஊத்தப் போயிட்டேன். பின்னால மருமகன் தொண்டையக் கனைக்கிற சத்தம் கேட்டுச்சு.